பின்கண்ணாடி இறங்கும் ஜீப்

தம்மாம்
12.2.1989

அன்புள்ள மாப்ளே அய்யூபுக்கு, உன் மச்சான் மதார் சாகிப் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் இங்கே சுகம். குளிர் போய்விட்டது, இனி வெயில் வந்து தலையில் ஏறி உட்காரும். ராஜபாளையத்தில் நீ எப்படி இருக்கிறாய்? உன் பட்டறைச் சத்தத்தில் தெருவில் யாருக்காவது காது மிச்சம் இருக்கிறதா?

செட்டியார்பட்டியில் நீ பிடித்துப் போட்ட பழைய ஜீப்பின் போட்டோ கிடைத்தது. பாடி என்று ஒன்றுமே இல்லை, வெறும் எலும்புக்கூடு. அதுவும் நல்லதுதான், நம் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். தகரக் கூரை போட்டு நாலு பக்கமும் மூடிய பாடியாகக் கட்டு. இந்தச் சவூதி மணல்காட்டுக்கு இந்த வருடத்தோடு ஒரு கும்பிடு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, வத்திராயிருப்பு, கூமாப்பட்டி என்று பஸ் அதிகம் போகாத அடிவாரப் பாதையிலெல்லாம் நானே ஓட்டப்போகிறேன்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் நீ மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டும். இங்கே நான் ஓட்டும் வண்டியில் பின் கதவுக் கண்ணாடி அப்படியே கதவுக்குள் இறங்கிவிடும். முதுகுப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்தது மாதிரி இருக்கும். நம் ஜீப்புக்கும் அப்படி வேண்டும். காரணம் உன் அக்காதான். மூடிய வண்டியில் ஏற்றினால் கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் நூர்பானு வாந்தி எடுத்துத் துவண்டுவிடுகிறாள். கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து அவளை ஒரு ஊருக்கும் நிம்மதியாகக் கூட்டிப்போனதில்லை.

இன்னொன்று, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திரை கட்டக் கம்பி வை. பக்கத்து ஜன்னல்களுக்கும் திரை வேண்டும். நம் தெருப் பெண்கள் திரை இல்லாத வாடகை வண்டியில் ஏற மாட்டார்கள். எனக்கும் அதில் கண்டிப்பு உண்டு என்பது உனக்குத் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் எங்கள் அம்மாவையும் நூர்பானுவையும் பார்த்து வா. வஸ்ஸலாம்.

மதார் சாகிப்


ராஜபாளையம்
6.3.1989

பிரியமுள்ள மச்சானுக்கு அய்யூப் ஸலாம். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நல்ல சுகம். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி தயிர் சாப்பிட வேண்டாம் என்று அக்கா சொல்லச் சொன்னாள்.

பாடி முக்கால்வாசி முடிந்தது. கண்ணாடி விஷயத்தில் நான் கொஞ்சம் சொந்தப் புத்தியை ஓட்டிப் பார்த்தேன். கதவுக்குள் இறக்குவதெல்லாம் பெரிய வேலை, மேலே கீல் வைத்து வெளிப்பக்கமாகத் தூக்கி ஒரு கம்பியில் நிறுத்திவிட்டால் போதாதா என்று தோன்றியது. செய்தும் விட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. நம் அல்லா பிச்சை அதைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, செட்டியார்பட்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவமா?" என்றான். அவன் வழக்கம்போல உள்ளே உட்காராமல் பின் பம்பரில் தொற்றிக்கொண்டு வந்தான். முதல் பள்ளத்திலேயே கம்பி நழுவிக் கண்ணாடிச் சட்டம் மண்டையில் இறங்கிவிட்டது. "ஏலே, இது ஜன்னலா, எலிப்பொறியா?" என்று ரோட்டில் உட்கார்ந்து கத்துகிறான். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

நம் ஊரில் ஜீப்பின் பின்னால் ஆள் தொங்காமல் இருந்தால்தான் அதிசயம். அதை மறந்துவிட்டு ஜன்னல் செய்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நீங்கள் சொன்னதே சரி. அந்த வண்டியில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து ஒரு படம் போட்டு அனுப்புங்கள்.

அய்யூப்


தம்மாம்
18.3.1989

அன்பு மாப்ளேக்கு மச்சான் ஸலாம். நலத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை ரூமில் சத்தம் போட்டுப் படித்தேன், கீழக்கரைக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டார். அல்லா பிச்சையின் மண்டைக்கு என் ஸலாம் சொல்.

வெள்ளிக்கிழமை லீவில் பின் கதவின் உள்தகரத்தைக் கழற்றிப் பார்த்தேன். படம் இத்துடன் இருக்கிறது. கண்ணாடியை ஒரு கையால் தூக்கினால் கோணிக்கொண்டு சிக்கும். இரண்டு இரும்புக் கை, கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போட்டு, நடுவில் ஆணி. ஹேண்டிலைச் சுற்றினால் இரண்டு கையும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட மறக்காதே. இல்லையென்றால் ஐப்பசி மழையில் கதவுக்குள் மீன் வளர்க்கலாம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்துவிடுவேன். லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பெருநாள் தொழுகை முடிந்ததும் நூர்பானுவைப் பின்னால் ஏற்றிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூமாப்பட்டி வரை ஒரே மிதி. நினைத்தாலே கால் பரபரக்கிறது.

மதார் சாகிப்


ராஜபாளையம்
2.5.1989

பிரியமுள்ள மச்சானுக்கு அய்யூப் ஸலாம். நோன்புக் களைப்பைத் தவிர எல்லாரும் நலம். உங்களுக்கு அங்கே நோன்புக் கஞ்சி கிடைக்கிறதா என்று உங்கள் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள்.

கண்ணாடி இறங்கிவிட்டது மச்சான்! பழைய கார் கதவு இரண்டை உடைத்துச் சாமான் எடுத்தேன். இரண்டு தடவை கோணிச் சிக்கியது, ஒரு கண்ணாடி உடைந்தது. மூன்றாவது தடவை ஹேண்டிலைச் சுற்றியதும் தண்ணீரில் முங்குவது மாதிரி இறங்கியது. வெல்டர் சோலைராஜ் கைதட்டினான்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. நோன்புக்கு முந்தி வத்திராயிருப்பில் ஒரு நிக்காஹ். அக்காவோடு தெருப் பெண்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போனேன். நீங்கள் சொன்னபடி எனக்குப் பின்னால் திரை, பக்கத்து ஜன்னல்களுக்குத் திரை, பின்கண்ணாடி மட்டும் முழுசாக இறக்கியிருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் உள்ளே ஒரே இருமல். திரும்பிப் பார்க்கக் கூடாதே என்று நான் ஓட்டிக்கொண்டே போனேன். கடைசியில் அக்கா, "ஏலே அய்யூபு, நிப்பாட்டுலே! எங்களைக் கொல்லவா கூட்டிட்டுப் போறே?" என்று அலறினாள். கதவைத் திறந்தால் புகையும் புழுதியும் மூட்டமாக வெளியே வருகிறது. பெண்கள் எல்லாரும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்றுகொண்டே வரும். சைலன்சர் புகையும் ரோட்டுப் புழுதியும் அந்தச் சுழலில்தான் கிடக்கும். முன்னால் திறந்திருந்தால் முன்காற்று நுழைந்து எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடும். நாம் திரையைக் கட்டி முன்காற்றை அடைத்துவிட்டுப் பின்வாசலை மட்டும் திறந்து வைத்தோம். புகை ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் வண்டியில் திரை ஏது? அதனால் அங்கே தெரியவில்லை.

இதற்கு மேல் எழுதத் தயக்கமாக இருக்கிறது. அக்கா வாயைக் கழுவிவிட்டு எழுந்தாள். என் பின்னால் இருந்த திரையைப் பிடித்து ஒரே இழுப்பு. கம்பியோடு வந்துவிட்டது. முக்காட்டை இறுக்கிக்கொண்டு என் பக்கத்தில் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வத்திராயிருப்பு வரை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை, பின்னால் இருந்தவர்களுக்கும் ஒரு இருமல் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அய்யூப்


ராஜபாளையம்
20.6.1989

மச்சானுக்கு அய்யூப் ஸலாம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? உங்களிடமிருந்து எழுத்து வந்து நாளாகிவிட்டது. அக்காவுக்கும் வரவில்லையாம். தபால்காரர் சங்கிலிப்பாண்டியைக் கண்டாலே அவள் வாசலுக்கு வந்துவிடுகிறாள், அவர் பாவம் இப்போதெல்லாம் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

திரை விஷயத்தில் கோபம் என்றால் என்னைத் திட்டி நாலு வரி எழுதுங்கள். சைலன்சர் குழாயை நீட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிட்டேன். இப்போது புகை பாதிதான். ஆனாலும் திரை கட்டினால் அந்தப் பாதி உள்ளே வருகிறது. திரையும் வேண்டும், காற்றும் வேண்டும் என்றால் எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொரு புகாரும் உண்டு. முன்சீட்டில் உட்கார்ந்து பழகிய அக்கா இப்போது ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கிறாள். "கிளச்சு எதுக்குடா? மூணாவது மிதி எதுக்குடா?" என்று நச்சரிக்கிறாள். "ஏட்டி, ஆம்பளை ஓட்டுத வண்டியை நீ தொடுதியா?" என்று உங்கள் அம்மா ஒரு பாட்டம் ஏசினார்கள். நீங்களும் ஒரு வார்த்தை கண்டித்து எழுதுங்கள்.

அய்யூப்


தம்மாம்
11.7.1989

மாப்ளேக்கு ஸலாம். எல்லாரும் சுகம்தானே? எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதுதான் எழுதவில்லை. நூர்பானுவுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பெருநாளுக்கு வர முடியவில்லை. லீவு தள்ளிப்போய்விட்டது.

திரை போனால் போகட்டும். அவள் வண்டி ஓட்டக் கேட்டால் ஒழுங்காகச் சொல்லிக் கொடு, ஏசாதே. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

பாடியில் இன்னும் சில வேலை இருக்கிறது. பின்னால் இடது பக்கம் சீட்டை நீளவாக்கில் போடு, உட்கார்ந்தால் கால் நீட்டிக்கொள்கிற மாதிரி. பின் கதவோரம் பிடித்து ஏறுவதற்குக் கெட்டியாக ஒரு கைப்பிடி வை. படியைத் தாழ்வாக வை. கண்ணாடி இறங்கியபின் விளிம்பு எவ்வளவு உயரம் இருக்கிறது? உட்கார்ந்தவாக்கில் முழங்கையை வைத்து வெளியே பார்க்க முடியுமா? பார்த்து எழுது.

மதார் சாகிப்


ராஜபாளையம்
30.7.1989

மச்சானுக்கு அய்யூப் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

விளிம்பில் முழங்கை வைக்கலாம், நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஆனால் மச்சான், அங்கே உட்காரப்போவது யார்? நீங்கள் டிரைவர். உங்களுக்கு எதற்குப் பின்சீட்டின் மேல் இவ்வளவு அக்கறை? திரையில் ஒரு விரற்கடை விலகினாலும் முகம் கறுப்பவர் நீங்கள். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தாள் என்று எழுதினால் "போகட்டும்" என்கிறீர்கள். ஓட்டப் பழகுகிறாள் என்றால் "சொல்லிக் கொடு" என்கிறீர்கள். ஒரு கேலி இல்லை, ஒரு திட்டு இல்லை. கால் நீட்ட இடம், கைப்பிடி, தாழ்வான படி. காய்ச்சல்காரனுக்கு எதற்கு இதெல்லாம்?

உங்கள் காலுக்கு என்ன மச்சான்? என் தலைமேல் சத்தியம், உள்ளதை எழுதுங்கள்.

அய்யூப்


தம்மாம்
24.8.1989

அன்பு அய்யூப், ஸலாம். உயிரோடு இருக்கிறேன், அதனால் நலம் என்றே வைத்துக்கொள்.

நீ கெட்டிக்காரன். மே மாதம் பாலைவனத்தில் குழாய் இறக்கும்போது ஒன்று உருண்டு வலது காலில் விழுந்தது. யார் மேலும் தப்பில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்கள். கட்டைக்கால் பொருத்தி இப்போது நடக்கிறேன். கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறது.

படுக்கையில் கிடந்தபோது ஒரு ஆசை வந்தது. ஓட்டத்தான் முடியாது, பின்னால் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டு, கடந்துபோகிற தோப்பையாவது பார்த்துக்கொண்டு போகலாம் என்று. அந்த ஆசையில்தான் உனக்கு அதையெல்லாம் எழுதினேன். இப்போது அது வேண்டாம் என்று தோன்றுகிறது. டிரைவராகப் புறப்பட்டவன் சாமானாகத் திரும்புவதா? நம் தெருவில் வண்டி நின்றால் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நான் ஒரு காலை ஊன்றி இன்னொரு காலை இழுத்து இறங்குவதை அத்தனை பேரும் பார்ப்பார்கள். நூர்பானு அவர்கள் நடுவில் நிற்பாள். என்னால் அது முடியாது மாப்ளே.

நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். ஒரு நல்ல டிரைவரைப் போட்டு வண்டியை ஓட்டு. அவளிடம் சொல்லாதே.

மதார்


ராஜபாளையம்
12.9.1989

மச்சானுக்கு ஸலாம். உங்கள் உடம்புக்காக ஐந்து நேரத் தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையை மூடிவிட்டு அழுதேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அக்கா வந்து என் முகத்தைப் பார்த்தாள். "யாருக்கு என்னடா?" என்றாள். சின்ன வயசிலிருந்தே அவளிடம் எனக்குப் பொய் நிற்காது. சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "எந்தக் காலு?" என்று மட்டும் கேட்டாள். வலது என்றேன். ஜீப்பில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வலது காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். பிறகு, "நாளைலருந்து ஒழுங்கா சொல்லிக்குடு. வெளாட்டுக்கு இல்லை" என்றாள். அவ்வளவுதான் மச்சான். என்னை மன்னியுங்கள்.

அய்யூப்


தம்மாம்
20.10.1989

அன்புள்ள நூர்பானுவுக்கு, மதார் சாகிப் ஸலாம். நீயும் அம்மாவும் சுகமா?

உனக்குத் தெரியும் என்று அய்யூப் எழுதிவிட்டான். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. கோபமா, வருத்தமா, வெறுப்பா? எதுவானாலும் எழுது. மறைத்தது தப்புதான். நீ அழுவாயே என்று பயந்தேன். நீ ஒன்றுமே சொல்லாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

உன் மதார்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.11.1989

அன்புள்ள உங்களுக்கு, நூர்பானு ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் மாமியும் நல்ல சுகம். உங்கள் சுகத்தை இனி அய்யூபிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமையில் என்னை வைக்காதீர்கள்.

கோபம்தான். கால் போனதற்கில்லை. எனக்கு எழுத வேண்டியதை என் தம்பிக்கு எழுதினீர்களே, அதற்கு. கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? உங்கள் தோள் எந்த உயரம் என்று அய்யூபுக்கா தெரியும், எனக்கா தெரியும்?

ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். லைசென்ஸ் கைக்கு வராமல் எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். போன வாரம் ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போட்டுக் காட்டினேன். முதல் தடவை கல்லில் ஏற்றிவிட்டேன், இரண்டாம் தடவை பாஸ். முக்காடு போட்ட பொம்பளை ஜீப்பில் ஏறுவதைப் பார்க்க டீக்கடையே காலியாகி ரோட்டுக்கு வந்துவிட்டது. அய்யூப் வெட்கப்பட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் நின்றான்.

திரையும் வேண்டும், காற்றும் வேண்டும் என்றால் வழி தெரியவில்லை என்று அவன் எழுதினானாமே. இரண்டு மாதம் தகரத்தை வெட்டி வெட்டி ஒட்டினான், பாவம். டிரைவர் ஆம்பளை என்பதால்தானே நடுவில் திரை? ஓட்டுவது நான் என்றால் திரை எதற்கு? திரை இல்லையென்றால் புகை ஏது? இப்போது முன்காற்று நுழைந்து பின்கண்ணாடி வழியாகப் போகிறது. நம் தெருப் பெண்கள் கூமாப்பட்டிக்கும் வத்திராயிருப்புக்கும் என்னோடுதான் வருகிறார்கள். சம்சாத் பேகம் முந்தாநாள் பின்கண்ணாடியோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பாட்டு. எனக்கு வாந்தி வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஓட்டுகிறவர்களுக்கு வாந்தி வராதாமே, இதை நீங்கள் ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை.

மாமியிடமும் சொல்லிவிட்டேன். ஒரு பொழுது முழுக்க அழுதார்கள். பிறகு, "உசுரோட இருக்கான்லா? பொறவு என்ன, வரச் சொல்லு" என்றார்கள்.

ஆகவே கணக்கை முடித்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடுங்கள். செங்கோட்டைக் கணவாயில் அய்யூபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன், பயமில்லை. நானே வந்து கூட்டி வருகிறேன். நீளச் சீட்டில் உங்கள் பெட்டியும் அய்யூபும் வரட்டும். நீங்கள் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் தப்பாகப் போட்டால் திட்டிக்கொண்டு வாருங்கள். திட்ட ஆள் இல்லாமல் ஓட்டுவது எனக்கு நன்றாகவே இல்லை. ராத்திரி எல்லாரும் தூங்கியபின் தனியாக அழுகிறேன், அதையும் சொல்லிவிட்டேன், இனி என்னிடமும் மறைப்பு இல்லை.

நம் தெருவில் இறங்கும்போது எல்லாரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள் என்று பயந்தீர்களாம். வரத்தான் செய்வார்கள். புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து மலையைத் தாண்டி ஜீப் ஓட்டி வருகிற ஒருத்தியை அவர்கள் இதற்கு முன் எங்கே பார்த்திருக்கிறார்கள்? அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் நீங்கள் மெதுவாக இறங்கி வீட்டுக்குள் போய்விடலாம்.

வருகிற தேதியை எனக்கு எழுதுங்கள். அய்யூபுக்கு இல்லை, எனக்கு.

உங்கள் நூர்பானு